பச்சை நூல்

ஜூலை 7, திங்கள்

அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன். போன வருஷத்துச் சமூக அறிவியல் நோட்டில் கடைசிப் பக்கங்கள் நிறைய மிச்சம் இருக்கின்றன. முன்னால் முழுக்க அட்சக்கோடும் பருவக்காற்றும்தான். யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லலாம் என்றால் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

இன்று எங்கள் வாரியக் குடியிருப்புக்கு ஒரு அக்கா வந்தார். பெயர் நபீலா. மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறார். தலையில் துப்பட்டா, காலில் சாக்ஸ் போட்ட செருப்பு, கையில் நீளமான இடுக்கி. ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவில் குனிந்து குனிந்து சிகரெட் துண்டுகளையும் பீடித் துண்டுகளையும் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் கூடிவிட்டது.

டீக்கடையில் நின்ற இசக்கி மாமா, "டாக்டருக்குப் படிச்சிட்டு பீடித்துண்டு பொறுக்குது பாருங்கல. மார்க்கு கம்மியாயிருச்சோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா நிமிர்ந்தார். கோபமே இல்லை. "மார்க்கு நெறையத்தாண்ணே. அதான் இவ்ளோ பெரிய ஏரியாவா குடுத்திருக்காங்க. உங்க கையில இருக்கிறதையும் முடிச்சிட்டுக் குடுங்க, நின்னு வாங்கிட்டே போறேன்."

டப்பாவை நீட்டிக்கொண்டு நிஜமாகவே நின்றார். இசக்கி மாமா தன் கையைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், பாதி சிகரெட்டை அணைத்து டப்பாவில் போட்டுவிட்டார். நான் அப்படி ஒரு பதில் சொல்ல ஒரு வாரம் யோசிக்க வேண்டும்.

அடுத்தவர் விடும் புகை வீட்டுப் பிள்ளைகளின் உடம்புக்குள் எவ்வளவு போகிறது, குடித்துப் போட்ட துண்டுகள் எங்கே போய்ச் சேருகின்றன, இந்த இரண்டையும்தான் அக்கா ஆராய்கிறாராம். பிள்ளைகளின் எச்சிலை எடுத்துச் சோதிப்பார்களாம். என் தம்பி ரோஷன் ஒன்றாம் வகுப்பு. பயமே இல்லாதவன். "எச்சில்ல எப்படித் தெரியும்?" என்று கேட்டான். "மூச்சு வழியா உள்ள போனது ரத்தத்துக்குப் போகும், அங்கேருந்து எச்சிக்கு வரும். நாம வாயத் தெறந்து சொல்லலேன்னாலும் அது சொல்லிரும்," என்றார் அக்கா.

அதைக் கேட்டதும் நான் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன். அம்மா புரண்டு படுக்கிறாள்.

ஜூலை 8, செவ்வாய்

பெரியப்பாவைப் பற்றி எழுதினால்தான் மற்றது புரியும்.

அப்பாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தூத்துக்குடி ஹார்பரில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டினார். ஒருநாள் கம்பி வடம் அவருடைய இடது கட்டைவிரலைக் கொண்டுபோய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்தன. அன்றிலிருந்து எங்கள் வீட்டு வெளி அறைக் கட்டிலில்தான் இருக்கிறார். பேச்சு மெதுவாக வரும், ஆனால் கேலி மட்டும் வேகமாக வரும். ரோஷனுக்கு இளைப்பு வந்தால் பெரியப்பா மடியில் சாய்த்துக்கொண்டு கப்பல் கதை சொன்னால்தான் தூங்குவான். அம்மா மடி கூட வேண்டாம்.

அப்பா உப்பு லாரியில் போனால் பத்து நாள், இருபது நாள். அம்மா எறால் கம்பெனியில் மதிய ஷிப்டு. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் பெரியப்பாவும் ரோஷனும்தான்.

பெரியப்பா அம்மா முன்னால் பீடி குடிக்க மாட்டார். தம்பி பெண்டாட்டி முன்னால் குடிப்பது மரியாதை இல்லை. அம்மாவும் பீடி என்ற சொல்லை அவரிடம் எடுக்க மாட்டாள். மூத்தாரிடம் அதைப் பேசுவதும் மரியாதை இல்லை. அப்பா கிளம்பும்போது ஒரு பீடிக்கட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார், அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பச்சை நூல் கட்டிய பீடி. அப்பா போகும் வழியில் ஒரு ஊரில்தான் கிடைக்கும். இங்கே மற்றவர்கள் குடிப்பது சிவப்பு நூல், ரோஸ் நூல்.

ஐந்து மணிக்குப் பெரியப்பா, "மெடில்டா, வெளக்கு ஏத்துவமா?" என்பார். அதுதான் சாடை. ஒரு கை வராது, இன்னொரு கையில் கட்டைவிரல் இல்லை. தீக்குச்சியும் உரச முடியாது, லைட்டரும் அமுக்க முடியாது. நான் அடுப்பில் காட்டிப் பற்றவைத்துக் கொடுப்பேன். பீடி சும்மா நெருப்பில் காட்டினால் பற்றாது, இழுக்க வேண்டும். பெரியப்பாவின் வாய் ஒரு பக்கம் கோணிவிட்டதால் முதல் இழுப்பு அவருக்கு வராது. அதனால் நான் இழுப்பேன். ஒரே ஒரு இழுப்பு. கனிந்ததும் கொடுத்துவிடுவேன்.

இதில் என்ன தப்பு என்று போன வருஷம் தோன்றவில்லை. தண்ணீர் மோந்து கொடுப்பது போலத்தான் இருந்தது. இப்போது என் எச்சில் போய் யாரிடமோ சொல்லப்போகிறது. பி பிளாக் மூணாவது மாடிப் பெண் பீடி குடிக்கிறாள் என்று இசக்கி மாமா டீக்கடையில் சொல்வார். பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிடுவார்கள். அம்மா என்னைக் கொன்றே போடுவாள்.

ஜூலை 10, வியாழன்

காலையில் தலை பின்னும்போது அம்மா என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து மூச்சை இழுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் டப்பாவைத் திறந்தால் பென்சிலோடு தாளில் மடித்த ஏலக்காய் இருக்கிறது. எனக்குக் கொஞ்ச நாளாக இருமல், தொண்டைக்கு நல்லது என்று வைத்திருப்பாள்.

ஜூலை 13, ஞாயிறு

நபீலா அக்கா பிள்ளைகளைக் கூப்பிட்டுத் துண்டு பொறுக்க வைத்தார். எல்லோருக்கும் கையுறை, இடுக்கி. நான் போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். உண்மையில் அவரைப் பார்க்கவும் ஆசை.

மொட்டை மாடியில் தட்டுகளை வரிசையாக வைத்துப் பிரித்தோம். சிகரெட் துண்டு ஒரு தட்டு. "இதுல இருக்கிறது பஞ்சுன்னு நெனைக்கீங்களா? பிளாஸ்டிக். மண்ணுல போட்டா மக்காது," என்றார் அக்கா. பீடித் துண்டுகளை நூலின் நிறம் பார்த்துப் பிரிக்கச் சொன்னார். எந்தப் பீடி எங்கே விழுகிறது என்று வரைபடத்தில் குறிப்பாராம். ஒரு கைப்பிடித் துண்டுகளைக் கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் போட்டார். நாங்கள் பிரித்து முடிப்பதற்குள் தண்ணீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்துக்கு வந்துவிட்டது. "மழை பெஞ்சா இதுதான் நீங்க தண்ணி எடுக்கிற கீழ்த்தொட்டி ஓரமா ஓடும். தொட்டி மூடி ஒடஞ்சிருக்கு, பாத்தீங்கள்ல?" அவ்வளவுதான் சொன்னார். புகை பிடிக்காதே, கெட்டுப் போவாய் என்றெல்லாம் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர் யாரையும் திட்டாததால் எல்லோரும் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்கு வெயிலில் மூக்கில் ரத்தம் வரும் போல. கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குத் தலை வலிக்கிறது. அம்மா நாள் முழுக்க வீட்டில் இருக்கிறாள், கறி சமைக்கிறாள், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சாயங்காலம் ஆனால் மண்டை பிளக்கிறது. ரோஷன் ரப்பர் கேட்டதற்கு அவனைக் கிள்ளிவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

தலைவலி ஐந்து மணிக்கெல்லாம் போய்விட்டது.

ஜூலை 15, செவ்வாய்

மாட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

பெரியப்பா குடித்துப் போடும் துண்டுகளை நான் குளியலறை ஜன்னல் வழியாகப் பின்பக்கச் சந்தில் போட்டுவிடுவேன். குழாய்கள் இறங்கும் இருட்டுச் சந்து. அங்கே யாரும் போக மாட்டார்கள். இன்று நபீலா அக்கா அங்கேயும் போய்ப் பொறுக்கிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மாடியில் ஒரு தட்டு நிறையப் பச்சை நூல்.

"இது இந்தச் சந்துல மட்டும்தான் கெடைக்குது, வேற எங்கயும் இல்ல," என்று அக்கா சந்தோஷமாகச் சொன்னார். புதையல் கிடைத்த மாதிரி முகம். அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நான் இரண்டு கை நிறைய அள்ளி யூனிபார்ம் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். திரும்பினால் அக்கா படிக்கட்டு வாசலில் நிற்கிறார்.

எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. தட்டைப் பார்த்தார், என் பாவாடையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் முயற்சி செய்தது எனக்குத் தெரிந்தது.

"மெடில்டா, நான் இந்த ஊர்க்காரி இல்ல. இங்க என்ன கெடக்குதோ அத வச்சுத்தான் எழுத முடியும். யாராச்சும் கொறச்சுட்டா, இல்லாத ஒரு ஊரப் பத்தி எழுதிட்டுப் போயிருவேன்."

பிறகு எனக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்தேன். மறுபடி அவர் கீழே இறங்கியபோது பையில் இருந்ததைத் தட்டிலேயே கொட்டிவிட்டேன். ஏன் கொட்டினேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பாவாடையை இரண்டு முறை துவைத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

நாளைக்கு எச்சில் எடுக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். கொய்யா இலை மென்றேன். எலுமிச்சம்பழத்தைத் தோலோடு தின்றேன். பெரியப்பாவிடம் இன்று தலைவலி, பற்றவைக்க முடியாது என்று பொய் சொன்னேன். சொன்ன கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே வலித்தது.

ஜூலை 19, சனி

செய்துவிட்டேன்.

காலையில் நபீலா அக்கா வந்தார். ஒரு சின்னப் பஞ்சு உருளையை வாயில் அதக்கி, ஊறியதும் குழாயில் போட வேண்டும். இரண்டு குழாய், ஒன்றில் என் பெயர், ஒன்றில் ரோஷன் பெயர். அம்மா சாயா போட்டுக்கொண்டிருந்தாள். பெரியப்பா கட்டிலிலிருந்து, "எனக்கும் ஒண்ணு குடு தாயி. வாய் கோணல்ல பாதி எச்சி சும்மாத்தான போவுது," என்றார். அக்கா சிரித்து அவர் பக்கம் திரும்பினார். அவர் கேலி பண்ண, அக்கா பதில் சொல்ல, அப்படியே பேச்சு ஹார்பருக்குப் போய்விட்டது.

ரோஷன் பஞ்சைத் துப்பி என் கையில் கொடுத்துவிட்டு ஓடினான். என் கையில் இரண்டு பஞ்சு, இரண்டு குழாய். அவன் பஞ்சை என் குழாயிலும், என் பஞ்சை அவன் குழாயிலும் போட்டு மூடினேன்.

அவன் சின்னப் பையன். பீடியைத் தொட்டதே இல்லை. அவன் எச்சிலில் ஒன்றும் இருக்காது, என் பெயர் சுத்தமாக வந்துவிடும். அவன் பெயரில் எது வந்தாலும் ஆறு வயதுப் பையனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? மெஷின் தப்பு என்று விட்டுவிடுவார்கள்.

அக்கா குழாய்களை வாங்கிக்கொண்டு, "நல்ல பிள்ள," என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

பூசையில் முழங்காலில் நிற்கும்போது பாதிரியார் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பனிமய மாதா கோயில் திருவிழா. எல்லோரும் போனோம், அப்பாவையும் பெரியப்பாவையும் தவிர. நபீலா அக்காவும் வந்திருந்தார், கூட்டத்துக்கு வெளியே தன் இடுக்கியோடு. திருவிழா முடிந்த தெருவில் எவ்வளவு துண்டு விழுகிறது என்று பார்க்கணுமாம். தேர் போன பிறகு ராட்டினம் சுற்றும் இடத்தில் தனியாகக் குனிந்துகொண்டிருந்தார். வளையல் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோஷன் ஓடிப்போய் அவருக்கு ஒரு பஞ்சுமிட்டாய் கொடுத்தான். கையுறையைக் கழற்றி, கை கழுவி, அங்கேயே நின்று முழுவதையும் தின்றுவிட்டுத்தான் மறுபடி குனிந்தார். பெரியவளானால் நான் அவரைப் போல இருக்க வேண்டும். என்னைப் போன்ற ஆளை அவர் கூடச் சேர்ப்பாரா என்பதுதான் தெரியவில்லை.

இப்போதெல்லாம் இரண்டு மூன்று முறை இழுத்தால்தான் பீடி கனிகிறது. காற்றுக் காலம், நமுத்துப்போயிருக்கும்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அம்மா ஷிப்டுக்குக் கிளம்பும் முன் நபீலா அக்கா வந்தார். தனியாகப் பேச வேண்டும் என்றார். "எங்க வீட்டுல ஒளிக்க என்ன தாயி இருக்கு, இங்கனயே சொல்லு," என்றாள் அம்மா. பெரியப்பா கட்டிலில், ரோஷன் அவர் மடியில், நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு.

"மெடில்டா எச்சில்ல புகையிலை இருக்குக்கா. புகை பிடிக்கிற வீட்டுப் பிள்ளைங்களுக்கு வர்ற அளவு, அதுலயும் கொஞ்சம் கூடத்தான்," என்றார் அக்கா. என் பெயரில் இருப்பது ரோஷன் பஞ்சு. அதில் ஒன்றும் இருக்கக் கூடாதே.

அக்கா தயங்கினார். "ரோஷன் குழாய்ல வந்தது அப்படி இல்ல. பக்கத்துல இருந்தா அவ்ளோ வராது. தானா இழுக்கிறவங்களுக்கு வர்ற அளவு. திரும்பச் சோதிக்கச் சொன்னேன், அதேதான் வந்துச்சு. எங்க பக்கம் தப்பு இருக்கலாம். பிள்ளைய ஒண்ணும் கேக்காதீங்க, இன்னொரு தடவை எடுத்துப் பாத்துக்கிறேன்."

அக்கா முடிப்பதற்குள் அம்மா ரோஷனை மடியிலிருந்து இழுத்துவிட்டாள்.

"ஏல, எவன் குடுத்தான்? கீழ எவன்கூடல சேந்த?"

முதுகில் இரண்டு அடி. அக்கா நடுவில் புகுந்தார், மூன்றாவது அடி அவர் கையில் விழுந்தது. ரோஷன், "குடிக்கலம்மா, பல்லு தேச்சேம்மா, ரெண்டு தடவ தேச்சேன்," என்று அழுதான். அழுததில் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். திறந்துதான் இருந்தது, சத்தம் வரவில்லை.

"லூர்து."

பெரியப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எப்போதும் 'பிள்ளைகளோட அம்மா' என்றுதான் சொல்வார்.

"லூர்து, அவன விடு."

இடது கையால் தலையணைக்கு அடியிலிருந்து பீடிக்கட்டை எடுத்தார். பல்லால் ஒரு பீடியை உருவி வாயில் வைத்தார். அம்மா சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அத்தான், என்ன இது, பிள்ளைக முன்னால…"

"திரும்பிப் பாரு. பாக்கணும் நீ."

அம்மா திரும்பினாள். பெரியப்பா தீப்பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து இடுக்கிக்கொண்டார். குச்சியை இரண்டு விரல்களுக்கு இடையில் சொருகி உரசினார். பெட்டி நழுவியது. மறுபடி இடுக்கினார். குச்சி ஒடிந்தது. இன்னொன்று எடுத்தார், அது கீழே விழுந்தது. வாயின் கோணலான பக்கத்திலிருந்து பீடி நழுவிப் போர்வையில் விழுந்தது. அதை எடுத்து மறுபடி வாயில் வைத்தார். கீழே கோலமாவுக்காரர் கூவிக்கொண்டு போனது கேட்டது.

பிறகு பெரியப்பா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "இத நான் எப்படிப் பத்தவைக்கேன்னு நீ ஒருநாளும் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல. மரியாதைன்னு இருந்துட்டோம், ரெண்டு பேரும்."

அம்மா ரோஷனைப் பார்த்தாள். அவன் அடுப்பு எட்டாத உயரம். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அது என் பஞ்சும்மா," என்றேன். "மாத்திப் போட்டுட்டேன். ரோஷன் குழாய்ல இருந்தது என்னோடது."

அம்மா என்னை அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது நபீலா அக்காதான் பேசினார், மிகவும் மெதுவாக, யாரிடமும் சொல்லாத மாதிரி. "அப்போ உன் பேர்ல இருந்தது ரோஷனோடது."

எனக்கும் அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. பீடியைத் தொடாதவன். அடுப்புப் பக்கம் வராதவன். பெரியப்பா மடியில் படுத்துக் கப்பல் கதை கேட்டவன்.

ரோஷன் விசில் மூச்சோடு, வழக்கம்போல, பெரியப்பா மடிக்கே போனான். ஏறப்போனவனைப் பெரியப்பா இடது கையால் தடுத்தார். "அம்மாட்ட போ மக்கா," என்றார். அவன் நின்றான், புரியாமல். "போ," என்றார் மறுபடியும், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நபீலா அக்கா என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த இரண்டு குழாய்களையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்க வேண்டும், ஏன் நீக்கினோம் என்று அவருடைய சாருக்கு எழுத வேண்டும் என்றார்.

"திட்டுவாங்களாக்கா?"

"திட்டுவாங்க."

"என் பேரச் சொல்லுவீங்களா?"

"உன் பேரு எதுக்கு? குழாயப் பாக்காம உங்க பெரியப்பாகிட்ட வாயடிச்சது நான்தான். அத எழுதுவேன்."

நான் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "நான் பீடி குடிக்கிற பொண்ணாக்கா?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "எங்க தாள்ல அப்படி ஒரு கட்டமே கெடையாது. வயசு, வீடு, அளவு. அவ்ளோதான்." பிறகு, "ஞாயித்துக்கெழம தலை வலிக்குமா?" என்று கேட்டார். அவரிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். ஏன் வலிக்கிறது என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அம்மா இருப்பதால் நாங்கள் விளக்கு ஏற்றுவதில்லை. அதற்கு மேல் இங்கே எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

நான் மேலே நின்றுகொண்டிருந்தேன். அக்கா கீழே இறங்கியபோது இசக்கி மாமா, "மூணாவது மாடியில என்னம்மா சத்தம்?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"தீப்பெட்டி நமுத்துப்போச்சாம்ணே," என்றார் அக்கா, நடந்துகொண்டே.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சாயங்காலம் அம்மா மீன் கழுவும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உன் வாயில வாசம் வந்துச்சுட்டி. வீடு பூராவும் அந்த நெடிதான, துணியில ஏறிருக்கும்னு நெனச்சேன்." மீனைத் திருப்பிப் போட்டாள். "நெனச்சுக்கிட்டேன்."

அப்போதுதான் எனக்கு ஏலக்காய் ஞாபகம் வந்தது. செதிளைப் பொறுக்கிப் போட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பெரியப்பா பீடிக்கட்டைத் தொடவில்லை. நானும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஐந்து மணிக்கு அவர் கட்டிலில், நான் தரையில், இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நெல்லிக்காயை உப்புத் தொட்டுக் கடித்தோம்.

"தலை வலிக்கா?" என்றார்.

"ம்."

"எனக்கும்தான். அந்த நபீலாப் பிள்ளைய வரச் சொல்லி இதையும் அளக்கச் சொல்லு."

சிரித்துவிட்டு அழுதார். பெரியப்பா அழுது பார்த்ததில்லை. கோணல் வாயால் அழுவதால் சிரிப்பது போலவே இருக்கிறது. ஹார்பரில் மழையிலும் வெயிலிலும் விஞ்சில் நின்ற மனுஷன், தம்பி பெண்டாட்டி முன்னால் பீடியை வாயில் வைத்துத் தீக்குச்சியைக் கீழே போட்டார், ரோஷன் அடி வாங்கக் கூடாது என்று. அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

ஆகஸ்ட் 16, சனி

அப்பா வந்துவிட்டார். ஒன்றும் தெரியாமல் புதுப் பீடிக்கட்டைத் தலையணைக்கு அடியில் வைத்தார். அம்மா இந்த முறை அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. நேராகப் பார்த்தாள். "வெளிய வாங்க, பேசணும்," என்று அப்பாவை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்கள். அப்பா என் தலையில் கை வைத்தார். கை உப்பாகச் சொரசொரவென்று இருந்தது.

பெரியப்பா அந்தக் கட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "அந்த நபீலாப் பிள்ளைட்ட குடுத்துரு. குனிஞ்சு பொறுக்குற வேலை மிச்சம்." கொடுத்துவிட்டு, கூப்பிட்டு, ஒன்றே ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அதைப் பற்றவைக்கவில்லை. காதில் சொருகிக்கொண்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

இதையும் எழுதிவிட வேண்டும். இன்று பெரியப்பா தூங்கும்போது காதிலிருந்து அந்தப் பீடி நழுவித் தலையணையில் கிடந்தது. எடுத்தேன். அடுப்பைப் பற்றவைத்தேன். ஒரு இழுப்பு. யாருக்காகவும் இல்லை. பிறகு தண்ணீரில் முக்கி அணைத்தேன். பெரியப்பா எழுந்து காதைத் தடவிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "கேக்காம இருக்க மாட்டேன் இனிமே," என்று கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "நீயா எடுத்த?"

"ஆமா பெரியப்பா."

"சரி. நாளைக்கு எடுக்காத."

ஆகஸ்ட் 23, சனி

இன்று மறுபடி எச்சில் எடுத்தார்கள்.

விடிந்ததிலிருந்து பயம். புதன்கிழமை இழுத்தது இன்னும் உள்ளே இருக்கும். நபீலா அக்கா வீட்டில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். பெரியப்பாவின் கட்டிலை ஜன்னல் ஓரம் மாற்றிப் போட்டிருப்பதைப் பார்த்து, "காத்து நல்லா வருதே," என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் பஞ்சு கொடுத்தார். என் பெயர் எழுதிய குழாய், ரோஷன் பெயர் எழுதிய குழாய், இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

ரோஷன் போன தடவை போலவே பஞ்சைத் துப்பி என் கையில் கொடுத்துவிட்டு ஓடினான்.

இந்தத் தடவை அக்கா என் பக்கத்திலேயே நிற்பார், கண்ணை எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வேண்டுமென்றே, முதுகை எனக்குக் காட்டி, பெரியப்பாவின் கட்டில் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ஹார்பர் கதைய பாதியில விட்டுட்டீங்க பெரியப்பா. அந்தக் கப்பல் அப்புறம் என்னாச்சு?"

பெரியப்பா சொல்ல ஆரம்பித்தார். நீளமான கதை. அம்மா சமையலறையில் இருந்தாள், அவளும் எட்டிப் பார்க்கவில்லை. என்னை யாருமே பார்க்கவில்லை.

ரோஷன் பஞ்சை ரோஷன் குழாயில் போட்டு மூடினேன். என் பஞ்சை என் பெயர் எழுதிய குழாயில் போட்டேன்.